வானில் தெரிவதற்கு யார் விலை கொடுப்பது?

2025 ஜனவரி 1-ஆம் தேதி, 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறைக்கு வந்தது. விமானங்களை உள்நாட்டிலேயே வடிவமைப்பதையும் தயாரிப்பதையும் ஊக்குவிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதே மாதம் 29-ஆம் தேதி இரவு, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த பயணியர் விமானமும் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றும் போடோமாக் ஆற்றின் மேல் மோதிக்கொண்டதில் 67 பேர் உயிரிழந்தனர். ஹெலிகாப்டரில் டிரான்ஸ்பாண்டர் இயங்கியது. ஆனால், தன் இருப்பிடத்தைத் தானே தொடர்ந்து ஒலிபரப்பும் ஏடிஎஸ்பி வசதியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வரவில்லை.

ஒன்று டெல்லியில் நடந்தது, மற்றொன்று வாஷிங்டனில். இரண்டையும் இணைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. புதிய சட்டம், விமானம் செய்ய முன்வருவோரை அழைக்கிறது. அந்த விபத்தோ, வானில் ஏறும் எதுவும் மற்றவர்களின் திரையில் தெரிந்தாக வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை இதில் சிக்கல் இல்லை. அவர்களுக்குப் பணமும் ஆளும் உண்டு. வீட்டிலோ பட்டறையிலோ தன் கையால் ஒரு சிறு விமானத்தைச் செய்து, அதை முதன்முதலாகப் பறக்கவிட நினைக்கும் தனிமனிதரின் நிலைதான் தெளிவில்லாமல் இருக்கிறது.

தனிமனிதர் விமானம் செய்வது நமக்குப் புதிதன்று. 1910-இல் மெட்ராஸில் விடுதி நடத்திவந்த டி ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் செய்யப்பட்ட விமானத்தைப் பறக்கவிட்டு ஊரைத் திரட்டினார். அன்று அவருக்கு வேறு விமானத்தின் மீது மோதும் கவலை இல்லை. மோத வேறு விமானமே இல்லை. நம் காலத்தில், மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-இல் மும்பையில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அது பலரையும் ஈர்த்தது. 2017 நவம்பரில்தான் பதிவு கிடைத்தது. சோதனையாகப் பறப்பதற்கான அனுமதி 2019 அக்டோபரில் வந்தது. 2020-இல் மகாராஷ்டிரத்தின் தூளே ஓடுதளத்தில் அது மேலெழுந்தது. மும்பையின் நெரிசலான வானத்தை விட்டு, 300 கிலோமீட்டருக்கு அப்பால் தூளேவுக்குச் சென்றதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலப்புழையைச் சேர்ந்த, பிரிட்டனில் வாழும் அசோக் தாமராக்ஷன் என்ற பொறியாளர், பெருந்தொற்றுப் பொது முடக்கக் காலத்தில் லண்டனில் நான்கு இருக்கை விமானத்தை உதிரிப் பாகங்களிலிருந்து சுமார் 18 மாதங்களில் கட்டி முடித்தார். பின்னர் அதில் குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தார். அவர் அமோல் யாதவை விடத் திறமைசாலி என்று எவரும் சொல்லப்போவதில்லை. வேறுபாடு, அவர் சென்ற பாதையில் யார் எப்போது வந்து சோதிப்பார், எந்தக் காகிதம் எந்த நிலையில் கிடைக்கும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது என்பதே. அங்கே இலகுரக விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கிறார்கள். பறக்கும் அனுமதி அவர்களது பரிந்துரையின்மேல் அமைகிறது.

நம் பகுதியின் வானத்தை எண்ணிப் பாருங்கள். தெற்கே திருச்சி பன்னாட்டு விமான நிலையம். கொள்ளிடத்துக்கு அப்பால் தஞ்சாவூர் விமானப் படைத் தளம். 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 போர் விமானங்களின் படைப்பிரிவு நிறுவப்பட்டது. சென்னையிலிருந்து திருச்சி நோக்கி வரும் விமானங்கள் பெரம்பலூர்ப் பக்கம் வரும்போது உயரத்தைக் குறைக்கத் தொடங்கியிருக்கும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் வெறுமையாகத்தான் தெரியும். அந்த வெறுமை நம்மை ஏமாற்றுகிறது. இப்பகுதியில் விமானப் பொறியியல் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், இன்னும் பத்து ஆண்டுகளில், தாம் கட்டிய விமானத்தை ஒரு நேரான நிலத்தில் நிறுத்திவைத்துப் பறக்க அனுமதி கேட்கமாட்டார் என்று சொல்ல முடியாது. அப்போது அவரிடம் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, ‘உன் விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறதா, அது சோதிக்கப்பட்டதா?’ என்பது.

டிரான்ஸ்பாண்டர் என்பது கேட்டால் பதில் சொல்லும் கருவி. இரண்டாம் உலகப் போரில் நட்பு விமானத்தையும் பகை விமானத்தையும் பிரித்தறிய உருவான உத்தியின் வழித்தோன்றல். தரையிலுள்ள இரண்டாம் நிலை ராடார் 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேள்வியை அனுப்புகிறது. விமானத்திலுள்ள கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் நான்கு இலக்க எண்ணைப் பதிலாகத் தருகிறது. ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை என்பதால் மொத்தம் 4,096 எண்கள். அதனோடு உயரத்தையும் சேர்த்துச் சொல்லும் கருவிகளே இன்று பயன்படுகின்றன. பழைய முதல்நிலை ராடார் ஏதோ ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும்; அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது.

இதற்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1996 நவம்பர் 12 மாலை, ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி போயிங் 747 விமானமும் கஜகஸ்தானின் இல்யூஷின் விமானமும் நேருக்கு நேர் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் உலகிலேயே அதிக உயிர்களைப் பறித்தது இன்றுவரை அதுதான். கஜகஸ்தான் விமானம், தனக்கு ஒதுக்கப்பட்ட 15,000 அடி உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று நீதிபதி லஹோட்டி ஆணையம் முடிவு செய்தது. டெல்லிக் கட்டுப்பாட்டாளரிடம் அன்று இருந்தது முதல்நிலை ராடார் மட்டுமே. அந்த விமானம் இறங்குவதைத் திரையில் பார்க்க அவருக்கு வழியில்லை. அதன் பிறகே இறங்கும் விமானங்களுக்கும் ஏறும் விமானங்களுக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

அந்த மோதல் தவிர்ப்புக் கருவி (டிகாஸ்) தரையை நம்பியிருப்பதில்லை. அருகிலுள்ள விமானத்தின் டிரான்ஸ்பாண்டரிடம் தானே கேள்வி கேட்கிறது. மற்ற விமானம் உயரத்தோடு பதில் சொன்னால், ‘ஏறு’, ‘இறங்கு’ என்று விமானிக்கு ஆணையிடும். உயரம் சொல்லாவிட்டால், ஏதோ அருகில் இருக்கிறது என்று எச்சரிப்பதோடு நின்றுவிடும். பதிலே இல்லையென்றால் அந்த விமானம் இருப்பதே அதற்குத் தெரியாது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசான் காட்டின் மேல், தொழிற்சாலையிலிருந்து வாங்குபவரிடம் போய்க்கொண்டிருந்த புத்தம் புதிய சிறு ஜெட் ஒன்றின் டிரான்ஸ்பாண்டர் பதில் அளிக்காத நிலைக்குப் போயிருந்தது. எதிரே வந்த கோல் நிறுவனத்தின் போயிங் 737-இல் இருந்த கருவியால் அதைக் காண முடியவில்லை. 154 பேர் இறந்தனர். சிறு ஜெட்டில் இருந்த ஏழு பேரும் பத்திரமாகத் தரையிறங்கினர். தெரியாமல் பறந்தவர்கள் தப்பினர். விதிப்படி எல்லாக் கருவிகளையும் வைத்திருந்தவர்கள் மடிந்தனர்.

‘கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாமே’ என்பது பழைய வாதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 460 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் பயணியர் விமானமும் 185 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறு விமானமும் எதிரெதிரே வந்தால், ஒவ்வொரு நொடியும் அவற்றுக்கிடையே சுமார் 180 மீட்டர் குறையும். ஒரு பொருளைக் கண்டு, அது மோதப்போகிறது என்று உணர்ந்து, விமானத்தைத் திருப்பி, அது திரும்பி முடிக்க 12.5 நொடிகள் ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறை வெளியிட்டுள்ள மதிப்பீடு. அதாவது, 2.2 கிலோமீட்டர் தொலைவிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும். அந்தத் தொலைவில் ஒன்பது மீட்டர் இறக்கை விரிவு கொண்ட விமானம், நீட்டிய கையில் பிடித்த அரிசி மணியின் அகலம் அளவுக்கே தெரியும். மோதும் பாதையில் வருவது கண்ணாடியில் இடம்பெயராமல் ஒரே புள்ளியில் நிற்கும் என்பது இன்னொரு கொடுமை. அசைவதைக் கவனிக்கப் பழகிய மனிதக் கண், அசையாத புள்ளியை விட்டுவிடுகிறது.

முதல் பறத்தலுக்கு மட்டும் விலக்குத் தரலாம் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். ஓடுதளத்தைச் சுற்றி அரை மணி நேரம், நல்ல வெயிலில், பறந்துவிட்டு இறங்கப்போகிறவருக்கு இத்தனை கெடுபிடி எதற்கு என்பது அவர்களது கேள்வி. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால், முதல் பறத்தலில் விமானியின் கவனம் வெளியே இருப்பதில்லை. இயந்திரத்தின் வெப்பம் கூடுகிறதா, எண்ணெய் அழுத்தம் சரியா, விமானம் ஒரு பக்கம் சாய்கிறதா என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். ஏதேனும் கோளாறு நேர்ந்தால், குறித்த வட்டத்துக்குள் இருப்பதும் அவர் கையில் இல்லை. அவர் மற்றவர்களைப் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கும் பறத்தல் அது. ஆகவே, மற்றவர்கள் அவரைப் பார்க்க வேண்டிய தேவை மிகுதியாக இருக்கும் பறத்தலும் அதுவே.

இதில் நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு; விதி எழுதுவோர் அதை மறந்துவிடக் கூடாது. டிரான்ஸ்பாண்டர் சொல்லும் உயரம், விமானத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு துளை வழியே அளக்கப்படும் காற்றழுத்தத்திலிருந்து வருகிறது. புதிதாகக் கட்டிய விமானத்தில் அந்தத் துளை சரியான இடத்தில் அமைந்திருக்கிறதா, குழாயில் கசிவு உள்ளதா என்பது இன்னும் நிரூபிக்கப்படாத செய்தி. பறந்தால்தான் முழுமையாகத் தெரியும். ஆனால், தெரியாமல் பறக்கக் கூடாது. உயரத்தைத் தவறாகச் சொல்லும் கருவி, மேலே போகும் பயணியர் விமானத்துக்கு ‘இறங்கு’ என்ற ஆணை பிறக்கக் காரணமாகலாம். வாஷிங்டன் விபத்தில் அந்த ஹெலிகாப்டர் 200 அடிக்கு மேல் செல்லக் கூடாத பாதையில் ஏறத்தாழ 280 அடி உயரத்தில் இருந்தது; அதே வகை ஹெலிகாப்டர்களைச் சோதித்தபோது காற்றழுத்த உயரமானிகள் உண்மை உயரத்தைவிடக் குறைத்துக் காட்டியதைப் புலனாய்வாளர்கள் கண்டனர். எனவே, கருவி இருந்தால் போதாது. தரையிலேயே அழுத்தச் சோதனைப் பெட்டியை இணைத்து, பல உயரங்களுக்கு உரிய அழுத்தத்தை உண்டாக்கி, கருவி என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் முதல் பறத்தல். பிறகு பறக்கும்போது, கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரியும் உயரத்தை விமானி தம் உயரமானியோடு வானொலி வழியே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானங்கள் 30,000-க்கும் மேல் உள்ளன. அங்கே விதி எப்படி வந்தது? 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸ் நகரின் மேல், மெக்சிகோவின் பயணியர் விமானத்தின்மீது மூவர் சென்ற சிறு பைப்பர் விமானம் மோதியது. சிறு விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. உயரம் சொல்லும் வசதி இல்லை. தரையில் இருந்தோர் உள்பட 82 பேர் இறந்தனர். அதன் பின்னர்தான் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்துக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. மின்னமைப்பே இல்லாமல் செய்யப்பட்ட பழைய விமானங்களுக்கு அதில் விலக்கு உண்டு. கருவி இல்லாதவர் ஒருமுறை பறக்க வேண்டுமென்றால், குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்கலாம். அவர்கள் மறுக்கவும் செய்யலாம். கருவி 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும். புதிய விமானம் முதல் 25 அல்லது 40 மணி நேரம், குறிக்கப்பட்ட பகுதிக்குள், பயணியரின்றிப் பறக்க வேண்டும் என்பது வழக்கம். கடுமையும் நெகிழ்வும் ஒரே விதிக்குள் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பொருளியல் கற்பித்த நாள்களில் மாணவர்களிடம் நான் அடிக்கடி எடுத்துச்சொன்ன கருத்து ஒன்று இங்கே பொருந்துகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜாக் ஹிர்ஷ்லைஃபர் 1983-இல், பொதுநன்மைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்று காட்டினார். தீவு ஒன்றில் ஒவ்வொருவரும் தம் நிலத்தை ஒட்டிய கரையைத் தாமே கட்டிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் எவர் கரை மிகத் தாழ்வோ அதன் வழியே உள்ளே வரும். மற்றவர்கள் எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் பயனில்லை. குடிமராமத்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க அமெரிக்கர் தேவையில்லை. ஏரிக்கரையில் ஒருவர் பங்கு உடைந்தால் ஆயக்கட்டு முழுவதும் போகும். அதனால்தான் கரை வேலைக்கு வராதவரை ஊர் சும்மா விட்டதில்லை. அதே ஊர், வர இயலாதவருக்குப் பதில் ஆள் அனுப்பவும் ஏற்பாடு செய்தது.

வானத்தின் பாதுகாப்பும் இத்தகையதே. விமான நிறுவனம் கோடிகளைச் செலவிட்டு மோதல் தவிர்ப்புக் கருவி பொருத்துகிறது; சில லட்சம் ரூபாய் பெறும் டிரான்ஸ்பாண்டர் இல்லாத ஒரே ஒரு சிறு விமானம் எதிரே வந்தால், அந்தக் கோடிகள் அந்த நிமிடத்தில் பயனற்றவை. சிறு விமானத்தின் உரிமையாளர் கருவி வாங்கினால் கிடைக்கும் நன்மையில் மிகப் பெரும் பங்கு, அவர் ஒருபோதும் சந்திக்கப்போகாத 180 பயணிகளுக்குப் போகிறது. ஆகவே, அவரது விருப்பத்துக்கு விட்டுவிட்டால் வாங்க வேண்டிய அளவுக்கு வாங்கமாட்டார். கட்டாயப்படுத்துவது சரி. ஆனால், நன்மை பொதுவென்றால் செலவில் ஒரு பகுதியும் பொதுவாக வேண்டும் என்பதை நம் ஆட்சியாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மற்ற நாடுகள் மறக்கவில்லை. ஏடிஎஸ்பி கருவியை 2020 ஜனவரி 2 முதல் கட்டாயமாக்கிய அமெரிக்கா, அதற்கு முன்னரே, 2016-இல், சிறு விமான உரிமையாளர்களுக்குத் தலா 500 டாலர் திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன் 2020-இல் கருவியின் விலையில் பாதியை, 250 பவுண்டு வரை, திருப்பித் தந்தது. பெரிய தொகைகள் அல்ல. ஆனால், அரசும் கரை வேலைக்கு ஆள் அனுப்பியது.

இங்கே நிலைமை வேறு. தடை எளிது, அனுமதி அரிது. இரண்டுக்கும் இடையே நீண்ட காத்திருப்பு. காத்திருப்பும் ஒரு செலவுதான். வரவு செலவுத் திட்டத்தில் காட்டப்படாத செலவு. பொறுமையிழந்த ஒருவர், எவரிடமும் சொல்லாமல் ஒரு விடியற்காலையில் வயல்வெளியிலிருந்து கிளம்பிவிட்டால், அவரை எந்தத் திரையும் காட்டாது. ஆயிரம் அடி உயரத்தில் பறப்பதைத் தரை ராடார் சுமார் 70 கிலோமீட்டர் வரைதான் காண முடியும். பூமியின் வளைவு அதற்கு மேல் மறைத்துவிடும். அதுவும் கருவி பதில் சொன்னால்தான் எண்ணும் உயரமும் தெரியும். கெடுபிடியான விதி, தெளிவற்ற நடைமுறையோடு சேரும்போது பாதுகாப்பைக் கூட்டாமல் ஒளிந்து பறப்பதைக் கூட்டும் என்பது என் கருத்து.

நம்மால் முடியாததன்று என்பதற்கு ட்ரோன்களே சான்று. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடமாகவே வெளியிட்டன. பச்சைப் பகுதியில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையான வளையத்தில் 200 அடி வரை. இன்று வயலில் மருந்து தெளிக்க ட்ரோன் கொண்டுவரும் இளைஞர் கைப்பேசியிலேயே தம் நிலத்தின் நிறத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆள் ஏறாத இயந்திரத்துக்குக் கிடைத்த இந்தத் தெளிவு, தன் உயிரை வைத்துப் பறக்கும் மனிதருக்கும் வேண்டும்.

புதிய சட்டத்தின் கீழ் விதிகள் வகுக்கப்படும் காலம் இது. ‘சிறு முயற்சியாளர்களுக்காக டிரான்ஸ்பாண்டர் நிபந்தனையைத் தளர்த்துங்கள்’ என்று சிலர் கேட்கக்கூடும். திருச்சி, தஞ்சாவூர் போன்ற இடங்களின் அருகே அதை நான் ஏற்கமாட்டேன். 1956 நவம்பர் 23-இல் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதையும் அறிந்த ஊர் அரியலூர். முன்னால் இருக்கும் ஆபத்தைப் பற்றி ஓட்டுநருக்குச் செய்தி வந்து சேராவிட்டால் என்னவாகும் என்பதை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக அரசு செய்யக்கூடியவை உண்டு. மாநிலத்துக்கு ஓர் ஓடுதளமேனும் முதல் பறத்தலுக்கென ஒதுக்கப்படலாம். தூளே மகாராஷ்டிரத்துக்கு அப்படி உதவியது. பெரம்பலூருக்கு வடக்கே உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது; அதன் மேலுள்ள வான்பாதைகளை ஆராய்ந்து, தகுதியுடையதென்றால் அதைச் செப்பனிடலாம். அங்கேயே உயரக் கருவியைச் சோதிக்கும் பெட்டியும், சான்றளிக்கும் ஒருவரும் இருக்க வேண்டும்; தனிமனிதர் அந்தப் பெட்டியை வாங்குவது, ஒரு மூட்டை நெல்லை நிறுக்க எடைமேடை கட்டுவது போலாகும். விண்ணப்பத்துக்கு விடை சொல்லக் காலவரம்பு வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும்.

இனி, கருவியின் விலை. நாட்டில் நூறு பேர் இத்தகைய விமானங்களைக் கட்டுகிறார்கள் என்றே கொள்வோம். அது பேராசையான எண்ணிக்கை. தலைக்கு 50,000 ரூபாய் திருப்பித் தந்தால் மொத்தம் 50 லட்சம். அதை எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது என்பதை டெல்லி அதிகாரிகள் ஒரு பிற்பகலில் பேசி முடித்துவிடலாம்.